மலைநாட்டு வீட்டிலே கடல்மீன் தொட்டி: எந்த விளக்கு வாங்கலாம்?

தேயிலைச் சரிவுகளின் நடுவே வாழ்வோருக்குக் கடல் என்பது எப்பொழுதாவது ஒருமுறை சென்று கண்டு வரும் காட்சியாகவே இருந்து வருகிறது. பாடசாலைச் சுற்றுலாவிற் கொழும்புக்குச் செல்லும் மாணவர், தெகிவளை மிருகக்காட்சிச் சாலையின் மீன்காட்சிக் கூடத்திலே கண்ணாடிக்கு அப்பால் நீந்தும் வண்ண மீன்களைக் கண்டு வியந்து நிற்பர். ஹிக்கடுவைக்குச் சென்றோர், அடியிற் கண்ணாடி பதித்த படகிலிருந்து முருகைக் கற்களிடையே மீன்கள் திரிவதைக் கண்டிருப்பர். வீடு திரும்பியதும், ‘நம் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி வைத்தாலென்ன?’ என்னும் ஆசை எழுவது இயல்பே.

நல்ல ஆசைதான். உயிரியல், இரசாயனம், பௌதிகம் ஆகிய மூன்றையும் ஒரே மேசையின் மேல் வைத்துக் கற்பதற்குக் கடல்நீர்த் தொட்டியைப் போன்ற சாதனம் வேறில்லை. ஆயினும் அது நன்னீர் மீன்தொட்டியைவிடச் செலவு மிக்கது. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் குடும்பத்துக்கு அச்செலவில் எது இன்றியமையாதது, எது வீண் என்பது தெரிந்திருத்தல் வேண்டும். வாங்கப் போகும்போது முதலிற் கண்ணைக் கவர்வது விளக்கே. ‘கடல் தொட்டிக்கு இதுதான் வேண்டும்’ என்று நீல ஒளி வீசும் விலையுயர்ந்த விளக்கொன்றைக் கடைக்காரர் எடுத்துக் காட்டுவார். அதை வாங்கத்தான் வேண்டுமா என்பதையே இங்கு ஆராய்வோம்.

விளக்கு யாருக்காக?

விளக்கைத் தெரிவதற்கு முன் தொட்டியிற் குடியிருக்கப் போவது யார் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மீனுக்கு ஒளி உணவன்று. இரையைக் காண்பதற்கும், பகல் இன்னது இரவு இன்னது என உணர்வதற்கும் ஓரளவு வெளிச்சம் இருந்தாற் போதும். நாம் மீனைப் பார்த்து மகிழ்வதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ, அதுவே மீனுக்கும் தாராளம்.

முருகையின் நிலை வேறு. கல்லைப் போலத் தோன்றினும் முருகை ஓர் உயிர். அது விலங்கினத்தைச் சேர்ந்தது. பாறை அமைக்கும் முருகைகளின் தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அப்பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு ஒளித்தொகுப்புச் செய்து, தாம் ஆக்கிய உணவின் பெரும்பகுதியைத் தமக்கு இடங்கொடுத்த முருகைக்கு அளிக்கின்றன. ஆகவே முருகைக்கு ஒளி குறைந்தால் உணவு குறையும். கடல் அனிமனிகள் பலவற்றின் வாழ்க்கையும் இத்தகையதே.

இனி, கடல்நீர் ஒளியை எவ்வாறு வடிகட்டுகிறது என்பதையும் அறிந்துகொள்ளல் நன்று. சூரிய ஒளியிலுள்ள நிறங்களுள் முதலில் நீரால் உறிஞ்சப்படுவது சிவப்பு. தெளிந்த கடலிற் பத்து மீற்றர் ஆழத்துக்குச் செல்வதற்குள் சிவப்பொளியின் பெரும்பகுதி மறைந்துவிடும். நீலமோ வெகு ஆழம் வரை செல்லும். அந்த நீலத்துக்குப் பழகியவை முருகைகள். முருகை வளர்ப்போர் நீலம் மிகுந்த, ஆற்றல் மிக்க விளக்குகளைத் தேடுவதற்குக் காரணம் இதுவே. மீன் மாத்திரம் வளர்ப்போருக்கு அக்காரணம் பொருந்தாது.

சட்டம் என்ன சொல்கிறது?

‘அப்படியானால் முருகையையும் வளர்த்துப் பார்க்கலாமே’ என்று மாணவர் சிலர் கேட்கக் கூடும். நம் நாட்டுக் கடலிலிருந்து உயிருள்ள முருகைக் கல்லைப் பெயர்த்தெடுப்பது சட்ட விரோதம். இந்தியாவிலும் 2001 ஆம் ஆண்டு முதற் கல்முருகை இனங்கள் யாவும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டு, உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றுள்ளன.

இச்சட்டங்கள் வீணுக்கு எழுந்தவையல்ல. 1998 ஆம் ஆண்டிற் கடல்நீர் வழக்கத்துக்கு மீறி வெப்பமடைந்தபோது, முருகைகள் தம்முள் வாழ்ந்த நுண்பாசிகளை இழந்து வெளுத்துப் போயின. ஹிக்கடுவையின் முருகைத் திட்டுகளிற் பெரும்பகுதி அவ்வாண்டில் அழிந்தது. அழிந்த திட்டு மீண்டும் தழைப்பதற்கு ஆண்டுகள் பல செல்லும். ஹிக்கடுவை 2002 ஆம் ஆண்டிலும், திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புறாத் தீவு 2003 ஆம் ஆண்டிலும் தேசிய வனங்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன.

ஆகவே தொடக்க நிலையில் உள்ளவர்கள் மீன்தொட்டியோடு நின்றுகொள்வதே முறை. கோமாளி மீன் வளர்க்க அனிமனி கட்டாயம் வேண்டும் என்று எண்ணுவோர் பலர். உண்மையில், அனிமனி இல்லாமலே அம்மீன் தொட்டியில் நலமாக வாழும். தமிழ்நாட்டிலே பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து காட்டியுள்ளன. அவ்வாறு தொட்டியிற் பிறந்த மீனைக் கேட்டு வாங்கினால் கடலுக்கும் கேடில்லை; தொட்டி வாழ்க்கையும் அம்மீனுக்குப் புதிதன்று.

விளக்குகளின் வரலாறு

இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் உலகின் முதலாவது பொது மீன்காட்சிக் கூடம் 1853 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டபோது மின்விளக்கு வழக்கில் வரவில்லை. பின்னர் வந்த இழை மின்குமிழ், உண்ணும் மின்சாரத்திற் பெரும்பங்கை வெப்பமாகவே வீணாக்கியது. அதன் பின் குழல்விளக்குப் பரவியது. முருகை வளர்ப்போர் உலோக ஹேலைட் விளக்கை நாடினர். அது வெயில் போன்ற ஒளியைத் தந்தது. அடுப்புப் போன்ற வெப்பத்தையும் தந்தது.

இன்று கடைகளில் நிறைந்திருப்பது எல்.ஈ.டி. விளக்கு. சிவப்பு, பச்சை எல்.ஈ.டி.க்கள் முன்பே இருந்தன. பிரகாசமான நீலம் மாத்திரம் நெடுங்காலம் கைகூடவில்லை. யப்பானிய விஞ்ஞானிகளான அக்காசாக்கி, அமானோ, நகமுரா ஆகிய மூவரின் முயற்சியால் 1990 களின் தொடக்கத்தில் அது கைகூடியது. அதற்காக 2014 ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு அம்மூவருக்கும் வழங்கப்பட்டது. வீட்டிலுள்ள வெள்ளை எல்.ஈ.டி. விளக்கின் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் அந்த நீலமே. அதன் மேலுள்ள மஞ்சள் ஒளி தரும் பூச்சோடு கலந்து அது வெள்ளையாகத் தெரிகிறது. சாதாரண ‘பகலொளி’ விளக்கிலே நீலம் போதிய அளவு அடங்கியிருப்பதை இதிலிருந்து உணரலாம்.

பெட்டியிற் பார்க்க வேண்டியவை

தொடக்கத்துக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், பதினைந்து அங்குல உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். விளிம்பு வரை நிரப்பாமல் விட்டால் ஏறக்குறைய 60 லீற்றர் நீர் கொள்ளும். சிறிய கோமாளி மீன்கள் இரண்டுக்கு இது போதும். இத்தொட்டிக்கு இரண்டடி நீளமான 10 வாற்று எல்.ஈ.டி. குழல்விளக்கு ஒன்றே சாலும். மின்சாதனங்கள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைப்பது அது.

வாங்கும்போது பெட்டியில் நான்கு விபரங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, வாற்று. இது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. இரண்டாவது, லூமன். இது விளக்குத் தரும் ஒளியின் அளவு. 60 வாற்று இழைக்குமிழ் தரும் ஏறக்குறைய 800 லூமன் ஒளியை 9 வாற்று எல்.ஈ.டி. தந்துவிடும். ஆகவே வாற்றை மாத்திரம் பார்த்து ஏமாறாமல் லூமனைப் பார்க்க வேண்டும். 800 முதல் 1,000 லூமன் வரை நம் தொட்டிக்குப் போதும்.

மூன்றாவது, கெல்வின் எண். இது ஒளியின் நிறத்தைக் குறிப்பது. 2,700 கெல்வின் என்றாற் பழைய மின்குமிழின் மஞ்சள் வெளிச்சம். 6,500 கெல்வின் என்றாற் பகலொளி. முருகை விளக்குகளில் 10,000 முதல் 20,000 வரை அச்சிடப்பட்டிருக்கும்; எண் ஏற ஏற நீலம் கூடும். மீனின் செம்மஞ்சள் நிறம் உள்ளது உள்ளபடி தெரிய 6,500 கெல்வினே சிறந்தது. நீல விளக்கின் கீழ் அதே மீன் மங்கித் தோன்றும்.

நான்காவது, நீர் புகாத் தன்மை. உப்புநீர்த் துளி படும் இடத்தில் உலோகம் விரைவில் அரிக்கப்படும். வெளி விறாந்தைக்கென விற்கப்படும், ‘ஐபி 65’ என்று குறிக்கப்பட்ட மூடிய விளக்கு சற்று விலை கூடினாலும் நெடுநாள் உழைக்கும். தொட்டியின் மேல் கண்ணாடி மூடியொன்றை இட்டு, விளக்கை அதற்கு மேலே ஐந்தாறு அங்குல உயரத்திற் பொருத்த வேண்டும்.

தூரக் கருவியால் நிறம் மாறும் பட்டி விளக்குகளும், ‘நிலவொளி’ என்னும் பெயரால் விற்கப்படும் நீலக் குமிழ்களும் அலங்காரத்துக்கு உரியவை. அவற்றால் மீனுக்கு நன்மை இல்லை. இரவு முழுவதும் எரியவிட்டால் மீனின் உறக்கத்துக்கு இடையூறும் உண்டு.

நுவரெலியாவின் தனிக் கணக்கு

விளக்கிலே மிச்சம் பிடிக்கும் பணம் எங்கே தேவைப்படும் என்பதற்கு மலைநாட்டின் குளிரே விடை சொல்லும். கடல்மீன் தொட்டி பற்றிய நூல்களிற் பல, விளக்கின் வெப்பத்தால் நீர் சூடேறுவதைப் பற்றியே எச்சரிக்கும். கொழும்பில் வாழ்வோருக்கு அது பொருந்தும். நமக்கோ நிலைமை நேர்மாறு. வெப்பக் கடலில் வாழும் மீனுக்கு 25 அல்லது 26 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் 6,128 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 16 பாகை. தைமாதக் காலையிற் புல்லின் மேல் உறைபனி வெண்மையாகப் படிவதும் உண்டு. ஏறக்குறைய 4,100 அடி உயரத்திலுள்ள ஹட்டனில் குளிர் சற்றுக் குறைவு. ஆயினும் கடல்மீனுக்கு அதுவும் கடுங்குளிரே.

ஆகவே ஹீற்றர் என்னும் வெப்பமூட்டி இங்கு இன்றியமையாதது. ‘பழைய இழைக்குமிழைப் போட்டால் வெளிச்சமும் ஆகும், சூடும் ஆகுமே’ என்று சிலர் யோசனை கூறுவர். அந்த யோசனை மீனுக்கு ஆபத்து. குளிர் மிகும் நேரம் இரவு. விளக்கை அணைக்க வேண்டிய நேரமும் அதுவே. பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பநிலை மீனை நோய்க்கு ஆளாக்கும். வெப்பநிலையைத் தானே அளந்து தானே எரிந்து அணையும் வெப்பமூட்டியே பாதுகாப்பானது. அதை நம்பி இருந்துவிடாமல், தொட்டியில் ஒரு வெப்பமானியையும் வைத்து நாள்தோறும் பார்த்து வருதல் வேண்டும்.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 10 வாற்று விளக்கை நாளொன்றுக்கு 8 மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு 2.4 அலகு மின்சாரம். 60 வாற்று இழைக்குமிழ் ஆயின் 14.4 அலகு. முருகைக்கென விற்கப்பட்ட 150 வாற்று உலோக ஹேலைட் விளக்கு ஆயின் 36 அலகு. இனி, 60 லீற்றர் நீரை வெளிக்குளிரைவிடப் பத்துப் பாகை உயர்வாக வைத்திருக்க 100 வாற்று வெப்பமூட்டி ஏறக்குறைய நாளிற் பாதி நேரம் எரியும் எனக் கொண்டால், அதற்கும் 36 அலகு. அதாவது, நுவரெலியாவில் உள்ள தொட்டியின் மின்கட்டணத்தை உயர்த்துவது விளக்கன்று, வெப்பமூட்டியே. ஹட்டனில் அச்செலவு சுமார் பாதியாகலாம்.

நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையில் ஏறுவது என்பதையும் மறத்தலாகாது. மாதம் 50 அலகு பாவிக்கும் குடும்பம் 36 அலகைக் கூட்டினால் 86 ஆகும்; 60 அலகைத் தாண்டியதும் விகிதமே மாறிவிடும். தொட்டி வாங்குவதற்கு முன் வீட்டு மின்பட்டியலை எடுத்து இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது மாணவருக்கு நல்ல பயிற்சி, பெற்றோருக்கும் நிம்மதி.

இச்செலவைக் குறைக்கும் எளிய வழி ஒன்றுண்டு. தொட்டியின் பின்புறம், இரு பக்கங்கள், அடிப்புறம் ஆகியவற்றிலே பொதிகளுக்குள் வரும் வெண்ணிற ரெஜிபோம் அட்டைகளை ஒட்டிவிட்டால் வெப்பம் வெளியேறுவது வெகுவாகக் குறையும். முன்பக்கக் கண்ணாடி மாத்திரம் பார்வைக்குத் திறந்திருக்கட்டும். மேலே சொன்ன கண்ணாடி மூடி வெப்பத்தையும் காக்கும், நீர் ஆவியாவதையும் தடுக்கும். காற்று உட்புகுவதற்கு ஒரு மூலையிற் சிறிது இடைவெளி விட வேண்டும். செலவின்றி வெளிச்சம் கிடைக்கும் என்று தொட்டியை யன்னலோரம் வைத்தல் தகாது. அங்கே வெயிலடிக்கும்போது பாசி பெருகும். இரவிற் குளிர்காற்று படும்.

மலையின் உயரம் இன்னொரு மாற்றத்தையும் செய்கிறது. நுவரெலியாவிற் காற்றமுக்கம் கடற்கரையிலும் பார்க்க ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஒரே வெப்பநிலையில் உள்ள நீரில் ஒட்சிசன் கரைவதும் அவ்வளவு குறையும். ஆகவே காற்றூட்டி இரவும் பகலும் இயங்க வேண்டும். மீன்களின் எண்ணிக்கையும் குறைவாக இருக்க வேண்டும்.

உப்புநீரும் மின்சாரமும்

பணத்தை மிச்சம் பிடிக்கலாகாத இடம் மின்னிணைப்பே. உப்புநீர் நன்னீரைவிடப் பன்மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். பழைய லயக் காம்பராக்களிற் சிலவேளை மின்குமிழ் மாட்டும் ஹோல்டரிலிருந்து கம்பி இழுத்து ஏனைய சாதனங்களுக்குக் கொடுப்பதுண்டு. அத்தகைய இணைப்பில் நிலத்தொடுப்பு இல்லை. தொட்டியின் விளக்கையோ வெப்பமூட்டியையோ அவ்வாறு இணைப்பது உயிருக்கு ஆபத்தாகும்.

நிலத்தொடுப்புள்ள மூன்று துளைப் பிளக்கில் மாத்திரமே இணைக்க வேண்டும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் உண்டா, அது வேலை செய்கிறதா என்பதை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில், தேர்ந்த மின்வினைஞரைக் கொண்டு பொருத்துவித்த பின்பே தொட்டியில் நீர் நிரப்ப வேண்டும். விளக்கின் கம்பி பிளக்கைவிடத் தாழத் தொங்கி, பின் மேலேறிச் சென்று சேரும்படி அமைத்தால், கம்பி வழியே ஒழுகும் நீர் பிளக்கிற் சேராது கீழே சொட்டிவிடும். தொட்டிக்குள் கையிடும் முன் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்தல் வேண்டும். பெற்றோர் இதைப் பிள்ளைகளுக்கு முதற் பாடமாகக் கற்பிப்பாராக.

எத்தனை மணி நேரம்?

தொட்டியில் உப்புநீர் நிரப்பியவுடன் மீன் விடலாகாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை அதைத் தீமை குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். இப்பற்றீரியாக்கள் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். அவற்றுக்கு ஒளி தேவையில்லை. ஆகவே முதல் மாதம் விளக்கே வேண்டியதில்லை. பணம் போதாதோர் தொட்டி, உப்பு, வெப்பமூட்டி ஆகியவற்றை முதலில் வாங்கி, விளக்கை அடுத்த சம்பளத்துக்குத் தள்ளி வைக்கலாம்.

மீன் வந்த பின் முதற் சில வாரம் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் எரித்தாற் போதும். மண்ணிறத் தூசு போன்ற பாசி கண்ணாடியிற் படிந்தால் அஞ்ச வேண்டாம். புதிய தொட்டிகளில் அது தோன்றி மறைவது வழக்கம். பின்னர் எட்டு மணி நேரமாகக் கூட்டலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஏற்றி ஒரே நேரத்தில் அணைப்பது முக்கியம். பாடசாலை விட்டு வந்த பின் தொட்டியைப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் நண்பகலில் ஏற்றி இரவு எட்டு மணிக்கு அணைக்கும்படி நேரக் கருவியொன்றை அமைத்துக்கொள்ளலாம்.

மீனோடு பசுமையும் வேண்டுமென்போர் கவுலர்ப்பா போன்ற கடற்பாசி இனத்தை வளர்க்கலாம். முருகையைப் போல விலையுயர்ந்த ஒளியை அது கேட்பதில்லை. 6,500 கெல்வின் பகலொளியிலேயே அது தழைத்து, நீரிற் சேரும் நைத்திரேற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். விளக்கின் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் அதன் வளர்ச்சியை வாரந்தோறும் அளந்து குறித்து வரும் மாணவன், ஒளித்தொகுப்பைப் பாடநூலில் மாத்திரம் படிப்பவனைவிடத் தெளிவாக அறிந்துகொள்வான்.

மின்னொளிக்கும் இம்மலைகளுக்கும் பழைய உறவு உண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912 ஆம் ஆண்டில், நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்திற் சிறிய நீர்மின் நிலையமொன்றை அமைத்து நுவரெலியா நகருக்கு வெளிச்சம் தந்தார். பின்னர் லக்சபானாவிலிருந்து எழுந்த மின்சாரம் கொழும்பு வரை சென்றது. அம்மின்சாரத்தை அளந்து செலவிடும் வீடுகளிலும் கடல்மீன் வளர இடமுண்டு. முருகைக்குரிய நீல விளக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு, பத்து வாற்றுப் பகலொளி விளக்கொன்றை வாங்குங்கள். மிஞ்சும் பணத்திலே நம்பகமான வெப்பமூட்டியும், பழுதற்ற மின்னிணைப்பும் முதலில் அமையட்டும். மீன் அதற்குப் பின் வரலாம்.